மொழித்தீவுகள்: ஈப்போவிலிருந்து பங்கோர் வரை



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் 'மொழித்தீவு' என்பது. மொழியியலில் இது நெடுங்காலமாக வழங்கிவரும் கலைச்சொல். ஒரு மொழியைப் பேசும் சிறு கூட்டம், வேற்றுமொழியினர் நிறைந்த பெரும்பரப்பின் நடுவே தன் மொழியைக் காத்து வாழுமானால், அவ்வாழிடத்தை மொழித்தீவு என்பர். செருமானிய அறிஞர் முதலில் இச்சொல்லை வழங்கினர். மதுரையில் பல நூற்றாண்டுகளாகச் சௌராட்டிரம் பேசி வாழும் மக்கள் நமக்கு நன்கு தெரிந்த சான்று. சுற்றிலும் தமிழ், வீட்டுக்குள் இந்தோ-ஆரிய மொழி ஒன்று.

தீவு என்றவுடன் நம் கண்முன் நிற்பது கடல். மொழித்தீவுக்குக் கடல் தேவையில்லை. கித்தா மரக்காடும் செம்மண் சடக்கும் போதும். பேராக் மாநிலத்தின் தோட்டப்புறங்கள் அத்தகைய தீவுகளாகவே இருந்தன. அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு கரைந்தன, கரைந்தபின் எஞ்சுவது எது என்பதை ஒரு சிறு பயணத்தின் வழியே சொல்ல விழைகிறோம்.

சென்ற ஆண்டு நண்பர் நால்வர் ஒரே காரில் ஈப்போவிலிருந்து புறப்பட்டு, லுமுட் சென்று, பங்கோர் தீவைச் சுற்றி வந்தோம். நால்வரும் பணி ஓய்வு பெற்றவர்கள். மூவர் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். ஒருவர் அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றியவர். ஓட்டியவரோ பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். உல்லாசப் பயணமாகத் தொடங்கியது, போகப்போகப் பெயராய்வாக மாறியது. மொழி படித்தவரோடு ஊர் சுற்றினால் இதுதான் நேரும் என்று நண்பர்கள் கேலி செய்தனர்.

ஈப்போவிலேயே தொடங்குவோம். இவ்வூர்ப் பெயர் ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தின் நச்சுப்பாலை இந்நாட்டுப் பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளில் தோய்த்து வேட்டையாடினர். நகரின் ஓரத்தில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை மலாய்க்காரர் குனோங் செரோ என்பர். நம்மவர்க்கு அது கல்லுமலை. முருகன் கோயில் அங்கே உள்ளதால் மலேசியத் தமிழர் அனைவரும் அப்பெயரை அறிவர்.

கல்லுமலை என்ற சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். இலக்கணப்படி கல்லும் மலையும் புணர்ந்தால் கன்மலை என்று வர வேண்டும். லகரம் மகரத்தின் முன் னகரமாகும் என்பது மாணவர் அறிந்த விதி. ஆயின் இக்குன்றுக்குப் பெயரிட்டவர் புலவர் அல்லர். 'கல்லு' என்று பேச்சில் வழங்கிய உழைப்பாளர், அந்த வாய்மொழி உகரத்தோடு அதைக் கல்லுமலை என்றனர். ஆகவே இப்பெயர் யார் வாயில் பிறந்தது என்பதற்குப் பெயரே சான்று பகர்கிறது. வேறு ஆவணம் வேண்டா.

ஈப்போவிலிருந்து லுமுட் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பத்து காஜாவைக் கடந்து மஞ்சோங் மாவட்டத்தை நோக்கிச் செல்லும் வழியில் இருபுறமும் செம்பனை. இடையிடையே புதிய குடியிருப்புகள். ஓரிடத்தில் நண்பர் காரை ஓரங்கட்டினார். "இங்கதாங்க எங்க லயம் இருந்துச்சு. அந்த மேட்டுல பெரட்டுக் களம். அதுக்குப் பின்னால ஆயாக்கொட்டகை," என்று கைகாட்டினார். அவர் காட்டிய இடத்தில் செம்பனையன்றி வேறொன்றும் இல்லை. ஆனால் அவர் கை ஒருமுறையும் தடுமாறவில்லை. எங்கே குழாயடி, எங்கே காளியம்மன் கோயில், எந்த வளைவில் கிராணி வீடு என்று ஒரு முழு ஊரையும் காற்றில் வரைந்து காட்டினார்.

அந்த ஊரின் வரலாறு சுருக்கமாக இது. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பெருந்தொழிலாயிற்று. ஒப்பந்தக் கூலி முறையிலும், பின்னர்க் கங்காணி முறையிலும் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டி 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் பல தோட்டங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர்.

தோட்டம் ஏன் மொழித்தீவாயிற்று? அங்கே பள்ளி, கோயில், கடை, வேலை, விளையாட்டு, வழக்கு, வைத்தியம் எல்லாம் ஒரே மொழியில் நடந்தன. துரைகூடத் தொழிலாளரோடு பேசத் தமிழ் கற்க வேண்டியிருந்தது. இதைப் பெருமையாக மட்டும் கருதிவிடலாகாது. வெளியுலகுக்குச் செல்லும் வழி அடைபட்டிருந்ததும் அந்தத் தமிழ் வாழ்ந்ததற்கு ஒரு காரணம். குறைந்த கூலியும் ஒதுக்கப்பட்ட வாழ்வும் எழுப்பிய வேலிக்குள் மொழி செழித்தது. அவ்வேலி உடைந்ததற்காக நாம் வருந்த இயலாது. ஆயின் வேலியோடு மொழியும் போக வேண்டுமா என்பதே நம் வினா.

அத்தீவுக்குள் பிறந்த சொற்களைப் பாருங்கள். ரப்பரைத் தோட்டத் தமிழர் கித்தா என்றனர். மலாய்மொழியில் மரப்பாலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. மலாயில் அச்சொல்லின் நடுவே ஒலிப்பது ஒற்றைத் தகரமே. ஆனால் ஒலிப்பிலா ஒலி. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து வரும் தகரம் மெலிந்து ஒலிக்கும். அந்த வல்லொலியைக் காக்க வேண்டுமானால் இரட்டிப்பதன்றி வேறு வழியில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர் அதைச் செய்தனர், கித்தா ஆயிற்று. பின்னர்க் காடு என்பதோடு சேர்ந்தபோது வலி மிகுந்து கித்தாக்காடு ஆயிற்று. கம்போங் என்ற மலாய்ச் சொல், அம் ஈறு பெற்றுக் கம்பம் ஆயிற்று. மரம், குளம், பட்டணம் என்ற வரிசையில் அதுவும் போய் அமர்ந்துகொண்டது. ஆங்கிலத்தின் பரேட் பெரட்டு ஆயிற்று. அயற்சொல் வந்தது, இலக்கணம் நம்முடையதாகவே இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் காண்க. கப்பல், கடை, கட்டில், பெட்டி, முதல், வகை என்பன பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றவை. கப்பலிலும் பெட்டியிலும் இருந்த இரட்டிப்பு மலாயில் ஒற்றையாயிற்று. ஆனால் வல்லொலி வல்லொலியாகவே நின்றது. முதல் என்பதிலும் கடை என்பதிலும் இருந்த ஒற்றை மெய், மலாயில் மெலிந்த ஒலியோடு பதிவாயிற்று. தமிழர் அன்று எவ்வாறு ஒலித்தனரோ அவ்வாறே மலாய்க்காரர் செவி அதை வாங்கிக்கொண்டது. போகும்போது இரட்டிப்பை இழந்தோம். வரும்போது இரட்டிப்பைக் கொடுத்தோம். இரு மொழிகளும் அண்டை வீட்டாராக வாழ்ந்ததற்கு இதைவிட நேர்மையான சான்று இல்லை.

லுமுட்டில் காரை நிறுத்திவிட்டுப் படகேறினோம். பங்கோர் ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறு தீவு. 2020 சனவரி முதல் அது தீர்வையற்ற தீவாகவும் விளங்குகிறது. படகுத்துறையில் இளஞ்சிவப்பு நிற வேன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றை அரைநாளுக்கு அமர்த்தினோம். ஓட்டுநர் நம்மவர். எங்களைக் கண்டதும் அவர் கேட்ட முதற்சொல், "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்பது. காலை உணவைக் குறிக்கப் பசியாறுதல் என்று சொல்வது மலேசியத் தமிழின் அழகுகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் டிபன் என்ற சொல் நுழைந்த இடத்தில், இங்கே நல்ல தமிழ்ச்சொல் நிலைத்துவிட்டது.

தீவைச் சுற்றும் சாலை குறுகியது. மலைச்சரிவில் ஏறி இறங்கும். பாசிர் போகாக், தெலுக் நிப்பா ஆகிய கடற்கரைகளில் சுற்றுலா விடுதிகள். தெலுக் நிப்பாவில் இருவாய்ச்சிப் பறவைகள் மின்கம்பிகளில் அமர்ந்திருக்கும். கிழக்குக் கரையில் மீனவர் குடியிருப்புகளும், நெத்திலி உலர்த்தும் களங்களும், படகு கட்டும் பட்டறைகளும் உள்ளன. மலாய், சீன வட்டாரமொழிகள், தமிழ் ஆகியவை ஒரே கடைவாசலில் கேட்கும்.

தெற்கே தெலுக் கெடுங் என்னுமிடத்தில் உலாந்தாக்காரர் 1670-இல் கட்டிய கோட்டையின் இடிபாடு நிற்கிறது. பேராக்கின் ஈயத்தைச் சேமித்து வைக்கவே அதைக் கட்டினர். பின்னர் அது தாக்கி அழிக்கப்பட்டது; 1743-இல் மீண்டும் எழுப்பப்பட்டது; சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. இன்று காண்பது 1973-இல் அருங்காட்சியகத் துறை சீரமைத்தது. அருகில் ஒரு பெரும்பாறை. அதில் புலி உருவமும், உலாந்தா வணிகக் குழுமத்தின் முத்திரையும், 1743 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன.

நண்பர்கள் கோட்டையைப் படமெடுத்துக் கொண்டிருந்தபோது நம் கவனம் ஊர்ப்பெயரில் நின்றது. தெலுக் என்றால் விரிகுடா. கெடுங் என்றால் சரக்கு வைக்கும் பெருங்கட்டடம். இச்சொல்லைத் தமிழின் கிடங்கு, தெலுங்கின் கிட்டங்கி என்பவற்றோடு அறிஞர் தொடர்புபடுத்துவர். துறைமுகங்களில் வழங்கிய இச்சொல்லே ஆங்கிலத்தில் கோடவுன் ஆயிற்று. உலாந்தாக்காரன் கட்டிய கோட்டை இடிந்தது. அவன் சேர்த்த ஈயமும் போயிற்று. வணிகர் வாய்வழி வந்த ஒரு தென்னாட்டுச் சொல் மட்டும் ஊர்ப்பெயராக நிற்கிறது.

இத்தீவின் பெயரை வரலாற்று மாணவர் வேறொரு காரணத்தால் அறிவர். 1874 சனவரி 20-ஆம் நாள், இத்தீவின் அருகே நின்ற ஆங்கிலேயக் கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பேராக்கில் ஆங்கிலேய ஆலோசகர் அமர வழிவகுத்தது அது. தோட்டங்களும், தொடர்வண்டிப் பாதையும், அவற்றில் உழைக்க வந்த நம் முன்னோரும் அந்த உடன்படிக்கைக்குப் பின் வந்த வரலாற்றின் பகுதிகள். பங்கோரை உள்ளடக்கிய டிண்டிங்ஸ் பகுதி நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்க்கப்பட்டு, 1935-இல்தான் பேராக்கிடம் திரும்பியது. ஆக, எம் நண்பரின் தந்தை பால் வெட்டிய தோட்டத்துக்கும் இச்சிறு தீவுக்கும் உள்ள உறவு வெறும் அண்மை மட்டுமன்று.

கடைசியாகச் சென்ற இடம் கடலை ஒட்டிய பத்திரகாளியம்மன் கோயில். மாசிமகத்தன்று பல ஊர்களிலிருந்தும் மக்கள் படகேறி அங்கே வருவர். வேனை நிறுத்திய ஓட்டுநர், "இதாங்க ஐயா நம்ம கோயில்," என்றார். நாங்கள் அத்தீவினர் அல்லோம். காலையில்தான் அவரைக் கண்டோம். ஆயினும் அவர் 'எங்க கோயில்' என்று சொல்லவில்லை. நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை மாணவர் இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். கேட்பவரையும் உள்ளடக்குவது நாம், விலக்குவது நாங்கள். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மலாயில் உண்டு: கித்தா என்பது நாம், காமி என்பது நாங்கள். ரப்பரைக் குறிக்கும் நம் கித்தாவும் மலாயின் இந்தக் கித்தாவும் எழுத்தில் ஒன்றாகத் தோன்றினும் வேறு வேறு சொற்கள். இந்நாட்டில் வாழும் தமிழ்ப்பிள்ளைக்கு இவ்வேறுபாடு இரு மொழிகளிலும் கிடைக்கிறது.

திரும்பும் வழியில் ஓட்டுநரிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டோம். "ரெண்டு பேரும் வேலைக்கு வெளியூர் போயிட்டாங்க ஐயா. வீட்டுல மட்டும் தமிழ்தான்னு சொல்லித்தான் வளர்த்தேன். போன்லயும் அதே பேச்சுதான்," என்றார். காரில் வந்த நண்பர் ஒருவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர் லுமுட் படகில், "என் பேரப்பிள்ளைங்க நான் தமிழ்ல கேட்டா இங்கிலீசுலதான் பதில் சொல்றாங்க. புரியுது, வாயில வரல," என்றார். அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவர்.

இவ்விரண்டு மறுமொழிகளுக்கும் இடையில்தான் இவ்வுரையின் மையம் உள்ளது. பங்கோரைச் சுற்றிலும் கடல் உண்டு. ஆயினும் மொழியளவில் அது தீவன்று. பல மொழி கலக்கும் துறை அது. அங்கே தமிழைக் காத்தது நீர்வேலியன்று. ஒரு வீட்டின் முடிவு. ஈப்போவின் வீட்டிலோ புத்தகம் உண்டு, புலமை உண்டு, கோயில் உண்டு; மறுமொழி மட்டும் இல்லை.

மொழிபெயர்வை ஆராய்ந்த யோசுவா பிஷ்மன், 1991-இல் வெளியிட்ட நூலில் இதையே வலியுறுத்தினார். பள்ளியும் ஊடகமும் அரசும் எவ்வளவு துணைநின்றாலும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டில் மொழி இறங்கவில்லையெனில் மற்றவை நெடுநாள் தாங்கா என்பது அவர் முடிவு.

இதற்குச் சான்று வேண்டுமானால் இந்தியப் பெருங்கடலின் வேறு இரு தீவுகளைப் பாருங்கள். மொரீசியசில் தமிழர் வழிவந்தோர் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். தைப்பூசக் காவடிக்குப் பொது விடுமுறை உண்டு. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் இடம்பெறுகிறது. ஆனால் அவர்களுள் பெரும்பாலோரின் வீட்டுமொழி கிரியோல். ரீயூனியனிலும் தீமிதி உண்டு, கோயில் உண்டு, தமிழ்ப் பெயர்கள் உண்டு. பேச்சுத் தமிழ் அருகிவிட்டது. அம்மக்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட பாடு பெரிது. இன்று மீண்டும் தமிழ் கற்க அவர்கள் எடுக்கும் முயற்சியும் பெரிது. ஆயின் எழுத்து பணத்தாளில் இருந்தும் சொல் வாயில் இல்லாத நிலை நமக்கும் வரக்கூடியதே. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ள நாட்டில் வாழ்கிறோம் என்ற துணிவு மட்டும் நம்மைக் காவாது.

இனி, செய்யத்தக்கது என்ன என்பதைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாம் இராசேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டில், அவன் கடல் கடந்து வென்ற இடங்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவற்றுள் மாநக்கவாரம் என்பது இன்றைய நிக்கோபார்த் தீவுகள். கல்லில் வெட்டியதால் அப்பெயர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நமக்குக் கிடைத்தது. நம் தோட்டங்களுக்கு அத்தகைய கல்வெட்டு இல்லை. ஒன்றே ஒன்று உண்டு: பள்ளியின் பெயர்ப்பலகை. தோட்டம் மறைந்து, பள்ளி நகருக்கு இடம்பெயர்ந்த பின்னும், பல தமிழ்ப்பள்ளிகள் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பலகையின் கீழ் நாள்தோறும் நுழையும் மாணவருள் எத்தனை பேருக்கு அப்பெயருக்குரிய இடம் தெரியும்?

ஆசிரியர்களுக்கு எம் வேண்டுகோள் இது. உங்கள் பள்ளி ஒரு தோட்டப்பெயரைத் தாங்கியிருந்தால், அத்தோட்டத்தில் வாழ்ந்த முதியோரைப் பள்ளிக்கு அழையுங்கள். லயம், பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, ஆறு, கோயில் எல்லாவற்றையும் குறித்து ஒரு நிலப்படம் வரையச் செய்யுங்கள். நண்பர் காற்றில் வரைந்தது தாளில் வரட்டும்.

மாணவர்களே, நீங்கள் சொற்களைத் திரட்டுங்கள். ஒரு சுவடியில் நான்கு கட்டங்கள் இடுங்கள். முதற்கட்டத்தில் சொல், இரண்டாவதில் அச்சொல் வந்த முழு வாக்கியம், மூன்றாவதில் சொன்னவரின் வயதும் வாழ்ந்த தோட்டமும், நான்காவதில் கேட்ட நாள். ஒட்டுப்பாலுக்கும் கட்டிப்பாலுக்கும் என்ன வேறுபாடு என்று தாத்தாவிடம் கேளுங்கள். அவர் சடக்கு என்றால் சடக்கு என்றே எழுதுங்கள்; சாலை என்று திருத்தாதீர்கள். கல்லுமலையைக் கன்மலை என்று திருத்தியிருந்தால், அதற்குப் பெயரிட்டவரை நாம் இழந்திருப்போம்.

இப்பணியால் சொற்கள் சேரும் என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் ஒன்று உண்டு. தாத்தாவிடம் அவர் வாழ்வைப் பற்றி ஒரு பிள்ளை தமிழில் வினவும். அவர் தமிழில் விடை சொல்வார். பிள்ளை மீண்டும் தமிழில் வினவும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் தமிழ் நடக்கும். அடுத்த கிழமையும் அது நடக்குமாறு செய்வது பெற்றோரின் கையிலும் உங்கள் கையிலும் உள்ளது.